‘டொக்’ கேட்காத யாஷிகா: ஏற்காட்டுக் கேமரா ஒன்றை மாற்றியமைத்த விவரம்

கேமராவை மேசையில் வைத்த கையோடு அந்தப் பெண் போனை நீட்டினாள். போனில் ஒரு படம். மேல்மூடி முழுக்கக் கறுப்பு, உடம்பில் ரத்தச் சிவப்புத் தோல், ஷட்டர் பொத்தான் மேல் பித்தளைக் குமிழ். “இதே மாதிரி பண்ணிக் குடுத்துடுங்கண்ணா” என்றாள். கூட வந்த அவளுடைய அப்புச்சி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்த தலைசுற்றல் போதாதென்று சேலத்தில் இருக்கும் என் வீட்டு மாடிப்படி வேறு. தண்ணீர் குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டது வேறொன்று.

“தம்பி, உள்ளே ஒரு மஞ்சக் கட்டம் தெரியுமே, அது இப்ப எனக்குத் தெரிய மாட்டேங்குது. அது தெரிஞ்சாப் போதுங்க.”

ஒரே கேமராவுக்கு இரண்டு பேர், இரண்டு ஆசை. மனதுக்குள் நான் அப்போதே பெரியவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன். பழைய கேமராவை மாற்றியமைப்பது என்றால் அதை வைத்திருப்பவரின் கண்ணுக்கும் விரலுக்கும் பொருத்துவது. வண்ணம் பூசுவது அதற்கு அப்புறம். ஆனால் பேத்தி கேட்ட தோலும் குமிழும் கடைசியில் வேலைக்கு உதவின என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜனவரி கடைசியில் வந்த கேமரா. மார்ச் நடுவில் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. மலையில் மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் காப்பிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். இரண்டு மூன்று நாள்தான் அந்தக் கோலம், அப்புறம் பழுப்பேறிவிடும். பெரியவர் அங்கே ஓர் எஸ்டேட்டில் ரைட்டராகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இந்த வருஷத்துப் பூவை இந்தக் கேமராவில் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

வந்தபோது இருந்த நிலை

யாஷிகா எலக்ட்ரோ 35, ஜிஎஸ்என் மாடல். எலக்ட்ரோ 35 வரிசை 1966இல் தொடங்கியது, ஜிஎஸ்என் 1973இல் வந்தது. இவர் மச்சினர் 1975 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தாராம். 45 மில்லிமீட்டர், எஃப் 1.7 கலர் யாஷினான் லென்ஸ். கழற்றி மாற்ற முடியாது. லென்ஸ் துளையின் அளவை நாம் வைக்க வேண்டும், ஷட்டர் திறந்து மூடும் வேகத்தைக் கேமராவே வெளிச்சம் பார்த்து 30 நொடியிலிருந்து 1/500 நொடிக்குள் முடிவு செய்துகொள்ளும். நாமாக 1/125 வேண்டும் என்று வைக்க வழியில்லை. பேட்டரி இல்லாவிட்டால் எந்த வெளிச்சத்திலும் 1/500தான்.

இதன் உயிர், பெரியவர் கேட்ட அந்த மஞ்சள் கட்டம். தூரம் பார்க்கும் இந்த ஏற்பாட்டுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர். கேமராவின் முன்முகத்தில் தள்ளித் தள்ளி இரண்டு ஜன்னல்கள் இருக்கும். ஒன்றின் வழியாக நேராகப் பார்க்கிறோம். மற்றொன்றில் விழும் காட்சி கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, முதல் காட்சியின் நடுவில் மங்கிய மஞ்சள் கட்டமாக வந்து உட்காரும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் கட்டத்துக்குள் இருக்கும் காட்சி பக்கவாட்டில் நகரும். இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் ஃபோகஸ் சரி. கட்டம் தெரியாவிட்டால் இது வெறும் கணக்குப்போட்டு எடுக்கும் பெட்டி.

நான் கட்டத்துக்குப் போகவில்லை. முதலில் ஃபிலிம் இழுக்கும் நெம்புகோலை ஒரு முறை இழுத்துக் காதைக் கொடுத்தேன். எலக்ட்ரோவை இழுத்தால் முடிவில் உள்ளே ‘டொக்’ என்று ஒன்று விழ வேண்டும். விழவில்லை. இந்தக் கேமராவை வாங்கப் போகிறவர்கள் லென்ஸைப் பார்ப்பதற்கு முன் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். உள்ளே ஒரு தண்டு ஷட்டரின் மின்தொடர்புகளை மாற்றி மாற்றி வைக்கிறது. அது ஒரு சின்ன ரப்பர் துண்டின் மேல் வந்து இடிக்கும். ஐம்பது வருஷத்தில் ரப்பர் பொடியாகிவிடுகிறது. அப்புறம் தண்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, தொடர்புகள் தப்பான நேரத்தில் மாறும், வேகம் எல்லாம் குழம்பிவிடும். எலக்ட்ரோக்காரர்கள் இதை ‘எமன் ரப்பர்’ என்ற அர்த்தத்தில் பயத்தோடு சொல்வார்கள். அரிசி மணி அளவு ரப்பர்தான்.

அடுத்தது பேட்டரிக் கூடு. பச்சைப் பூத்திருந்தது. லென்ஸின் முன் கூட்டில், உள்பக்கமாக, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. பின்கதவின் பள்ளத்தில் வெளிச்சம் புகாமல் அடைத்திருந்த பஞ்சு தார் மாதிரி இளகி விரலில் ஒட்டியது. “பீரோவுல, அதோட தோல் உறையிலேயே பத்திரமா வெச்சிருந்தேன்” என்றார் பெரியவர். அதுதான் தப்பு. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் மடித்து வைத்த வேட்டியே பூத்துப்போகிற ஊரில், கேமராவைத் தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டுவது பூஞ்சைக்குத் தொட்டில் கட்டுவது போல. சொன்னால் வருத்தப்படுவார் என்று அப்போது சொல்லவில்லை. உறையை மட்டும் வாங்கித் தனியாக வெயிலில் வைத்தேன்.

தோலை உரிக்காமல் முடியாது

இங்கேதான் பேத்திக்கு அதிர்ஷ்டம். ரப்பரை மாற்ற லென்ஸ் தொகுதியை வெளியே எடுக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் திருகுகள் முன்பக்கத் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. தோல் என்கிறேன், உண்மையில் அது வினைல். காய்ந்து சுருங்கி விறைத்திருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பியதும் அப்பளம் மாதிரி உடைந்தது. ஆக, புதுத் தோல் போடுவது அலங்காரம் என்ற நிலை போய், செய்தே ஆக வேண்டிய வேலை ஆகிவிட்டது. போன் செய்து சொன்னேன். “நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள்.

உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு வெள்ளைத்தாளில் பொருத்தி ஒட்டி வைத்தேன். பின்னால் அதுதான் அளவு எடுக்கும் அச்சு.

லென்ஸ் தொகுதியை வெளியே இழுக்கும்போது அவசரம் கூடாது. பின்னால் மெல்லிய கம்பிகள் இருக்கும். எல்லாவற்றையும் இழுப்பதற்கு முன் போனில் படம் பிடித்துக்கொண்டேன். எது எங்கே போகும் என்பதை மறுநாள் நம் நினைவு சத்தியமாகச் சொல்லாது. பழைய ரப்பரில் மிச்சம் இருந்ததைச் சுரண்டி, துடைத்து, புதுத் துண்டு வெட்டி ஒட்டினேன். முதல் துண்டு தடிமன் அதிகம், தண்டு கீழே வரவில்லை. இரண்டாவது மெலிந்துவிட்டது, சத்தம் வந்தது ஆனால் அரைகுறை. மூன்றாவது முறை நெம்புகோலை இழுத்தேன்: டொக். பக்கத்து அறையிலிருந்து வீட்டுக்காரி “என்ன உடைஞ்சுது?” என்று கேட்டாள்.

பேட்டரிக் கூட்டுக்கு எலுமிச்சைச் சாறு. பழைய பாதரச பேட்டரிக்குள் இருப்பது காரம். அது கசிந்து உலர்ந்த உப்பைப் புளிப்பு கரைத்துவிடும். பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தேய்த்து, உடனே ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும். சாறு உள்ளேயே நின்றால் அது தன் பங்குக்கு அரிக்கும். கூட்டின் அடியிலிருந்து போகும் ஒரு கம்பி பற்று விட்டிருந்தது. அதை மறுபடி பற்றவைத்தேன்.

பூஞ்சை சுலபமாகப் போனது என்று சொல்லலாம். முன் வளையத்தை ரப்பர் அடைப்பானால் அழுத்தித் திருகிக் கழற்றி, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் சில சொட்டு அம்மோனியா சேர்த்துத் துடைத்தேன். வலை போய்விட்டது. ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லென்ஸ் பூச்சின் மேல் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. பூஞ்சை தின்ற பூச்சு திரும்பி வராது. படத்தில் அதனால் என்ன கெடுதல் என்று தேடிப் பார்த்தேன், சூரியனை நேராகப் பார்த்து எடுத்தால் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கதவுப் பள்ளத்துக்குப் பஞ்சு தேடி அலைய வேண்டாம். கறுப்பு உல்லன் நூல் போதும். இந்தக் கேமராவுக்குப் போட்டது பேத்தி குல்லா பின்னியதில் மிஞ்சியது.

மஞ்சள் கட்டம்

மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் வியூஃபைண்டரின் கண்ணாடிகளில் எல்லாம் மங்கல் படிந்திருந்தது. இந்த இடத்தில் என் பழைய பாவம் ஒன்று. சில வருஷம் முன்னால் வேறொரு ரேஞ்ச்ஃபைண்டரில் இதே மங்கலைப் பார்த்து, நடுவில் சாய்ந்திருக்கும் கண்ணாடியை ஆல்கஹால் தொட்டு ஆசையாகத் துடைத்தேன். பஞ்சில் பொன் நிறமாக ஏதோ வந்தது. அது அழுக்கு இல்லை. பாதி வெளிச்சத்தை விட்டுப் பாதியைத் திருப்புகிற அந்தப் பூச்சேதான். கட்டம் அன்றோடு போயிற்று. கேமரா என்னுடையது என்பதால் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து, சாய்ந்த கண்ணாடியை ஊதுகுழலால் ஊதுவதோடு சரி. மற்ற ஜன்னல்களை மட்டும் துடைத்தேன்.

துடைத்த பிறகு எனக்குக் கட்டம் நன்றாகவே தெரிந்தது. பெரியவருக்குத் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆனவர். தூரப் பார்வை பளிச்சென்று இருக்கிறது, ஆனால் வெளிறிய மஞ்சளைச் சுற்றியுள்ள வெளிச்சத்திலிருந்து பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. கேமராவில் பழுது இல்லை, ஆனாலும் கேமராவைத்தான் மாற்ற வேண்டும்.

கட்டத்தைப் பிரகாசமாக்க முடியாது, சரி, சுற்றியிருப்பதை இருட்டாக்கலாமே. கட்டம் மஞ்சள் என்பதால் அதற்கு எதிரான நீலம். கல்யாண வீடியோக்காரர்கள் விளக்குக்கு முன்னால் மாட்டுகிற நீல ஜெலட்டின் தாளில் ஒரு துண்டை வெட்டி, நேராகப் பார்க்கிற பெரிய ஜன்னலின் உள்பக்கம் வைத்தேன். சின்ன ஜன்னலைத் தொடவில்லை. எனக்கு அற்புதமாக இருந்தது: நீலக் காட்சிக்கு நடுவில் கட்டம் விளக்குப் போட்ட மாதிரி. அவர் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஆறு மணி ஆன மாதிரி இருக்குதுங்களே” என்றார். மலையில் மாலை மூடுபனியில் இதை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பார்?

தாளை எடுத்துவிட்டு, ஜன்னலின் நடுவில் மட்டும் பட்டாணிப் பருப்பு அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி ஒட்டினேன். ஜன்னல் கண்ணுக்கு வெகு அருகில் இருப்பதால் வட்டத்தின் ஓரம் தெரியாது, நடுப்பகுதி மட்டும் லேசாக நீலம் தட்டியது போல இருக்கும், சுற்றிலும் இயல்பான வெளிச்சம். கட்டம் அந்த நிழலில் எடுப்பாக நின்றது. பெரியவர் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கொடிக்கம்பத்தைப் பார்த்து வளையத்தைத் திருப்பினார். திருப்பினார். நிறுத்தினார். “ரெண்டும் ஒண்ணாச்சு” என்றார். நான் போய்த் தூரக் குறியைப் பார்த்தேன். 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தது. எதிர்வீடு அவ்வளவு தூரம்தான்.

சரிபார்ப்பில்தான் சேலத்தில் இருப்பதன் லாபம். ரேஞ்ச்ஃபைண்டரை முதலில் முடிவிலியில் பொருத்த வேண்டும். லென்ஸைக் கடைசி எல்லைக்குத் திருப்பி வைத்தால், வெகு தூரத்தில் உள்ள பொருளின் இரண்டு உருவமும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை சுவர் மாதிரி நிற்கும். உச்சி விளிம்பில் வானத்தை ஒட்டி ஒரு போன் கோபுரம். காலை ஏழு மணிக்குப் புழுதி எழும்பும் முன் அதைவிட நல்ல குறி கிடையாது. மேல்மூடி இல்லாமல் கேமராவை முக்காலியில் வைத்து, குறியைப் பார்த்தபடி ஒரு சின்னத் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்ப வேண்டும். அன்று காலை அந்த ஒரு திருகோடு காப்பி ஆறிப்போயிற்று.

அதற்கப்புறம் கிட்டத் தூரம். இதன் லென்ஸ் நெருங்கக்கூடிய எல்லை 0.8 மீட்டர். அந்தத் தூரத்தில் எஃப் 1.7இல் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டரில் 5 சென்டிமீட்டர். காப்பிப் பூவின் ஒரு கொத்து அதைவிடத் தடிமன். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் தாளை இழுத்து ஒட்டி, ஷட்டரை பி-யில் (பொத்தானை விடும்வரை மூடாத நிலை) திறந்து பிடித்து, உருப்பெருக்கியால் தாளில் விழும் காட்சியைப் பார்த்தேன். எதிரே டேப்பால் அளந்து வைத்த ஒரு நாளிதழ். கட்டம் பொருந்தும் இடமும் தாளில் எழுத்து கூர்மையாகும் இடமும் ஒன்றாக இருந்தன. உயர வாக்கில் ஒரு மயிரிழை வித்தியாசம் மட்டும் மிச்சம். மேலே கீழே இருக்கிற வித்தியாசம் ஃபோகஸைக் கெடுக்காது என்பதால் விட்டுவிட்டேன். விட்டது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைக்குப் போனது

இந்தக் கேமரா கேட்பது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி, 1.4 வோல்ட் செல்கள் நான்கு சேர்ந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2013இல்தான் வந்தது. இந்த பேட்டரி கடைகளிலிருந்து அதற்கு வெகு காலம் முன்பே காணாமல் போய்விட்டது. பெரியவரும் அது கிடைக்காமல்தான் கேமராவை மூட்டை கட்டியிருக்கிறார். இன்று கிடைப்பது 4எல்ஆர்44 என்கிற 6 வோல்ட் அல்கலைன். 13 மில்லிமீட்டர் தடிமன், 25 மில்லிமீட்டர் நீளம். கூட்டுக்குள் போட்டால் குழந்தைக்கு அப்பா சட்டை. தடிமனை ஈடுகட்ட ஒரு குழாய், நீளத்தை ஈடுகட்ட ஒரு சுருள் கம்பி வேண்டும். கூடுதலாக வரும் 0.4 வோல்ட் வெளிச்சக் கணக்கைக் கெடுக்குமோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. போன் மீட்டரோடு ஒப்பிட்டு, நீண்ட வேகங்களை மெதுவோட்ட வீடியோவில் எண்ணிப் பார்த்தேன், கெடுக்கவில்லை.

சுருளுக்காக செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போனேன். வெள்ளியை விட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் இல்லை, சேலத்தில் வெள்ளிக்கா பஞ்சம் என்று பெருமையாகக் கேட்டேன். பட்டறை அண்ணன் சிரித்தார். “வெள்ளிக் கம்பியைச் சுத்திக் குடுக்கலாம். ஆனா அழுத்துனா அப்படியே படுத்துக்கும். அதுக்கு எழும்புற குணம் கிடையாது” என்றார். எழுந்து போய், மூலையில் கிடந்த பழைய டார்ச் லைட்டின் சுருளைப் பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். வெளிக்குழாய்க்கு மின்சாரப் பைப் துண்டு. மேல்நாட்டு இணையக் கடைகளில் இதையே அழகாகச் செய்து விற்கிறார்கள், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

குமிழ் விஷயத்தைப் பேத்தி விடவில்லை. எனக்கு முதலில் இளக்காரம்தான். ஆனால் பெரியவர் எடுப்பதைக் கவனித்தேன். எலக்ட்ரோவின் பொத்தான் வெகு ஆழம் இறங்கும். அவர் விரல் நுனியால் குத்தி அழுத்தும்போது கடைசி நொடியில் கேமரா முழுக்கக் கீழே ஆடியது. பொத்தான் மேல் ஓர் உயரமான குமிழ் இருந்தால் நுனிக்குப் பதில் விரலின் அடிச்சதையால் மெல்ல உருட்டி அழுத்தலாம். சரி, குமிழ் வேண்டியதுதான்.

பொத்தானின் நடுவில், கேமராவைத் தொடாமல் அழுத்த உதவும் கேபிள் ரிலீஸ் மாட்டுகிற மரை இருக்கிறது. கொலுசின் திருகாணி ஒன்றை வைத்துப் பார்த்தோம், சேரவில்லை. கேபிளின் மரை கூம்பு வாக்கில் குறுகிக்கொண்டே போகும். என்னிடம் அறுந்துபோன கேபிள் ரிலீஸ் ஒன்று கிடந்தது. அதன் பித்தளை நுனியை அறுத்துக் கொடுத்தேன். அண்ணன் கொலுசு மணிக்காக அடித்து வைத்திருந்த அரைக் கிண்ணங்களில் ஒன்றை எடுத்தார், மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. அது சின்னது என்று தள்ளிவிட்டு, சுண்டைக்காயைப் பாதியாக அரிந்தது போல் இன்னொன்று. கிண்ணத்தைக் கவிழ்த்து, நுனியை நடுவில் நிறுத்தி, ஊதுகுழலின் நெருப்பை ஒரு பக்கமாகவே காட்டினார். வெள்ளி சிவக்கும் முன்னால் பற்றவைக்கும் பொடி உருகி ஓடிச் சந்தில் புகுந்தது. தண்ணீரில் போட்டு எடுத்து, அரத்தால் இரண்டு இழு இழுத்துக் கையில் வைத்தார். எல்லாம் பத்து நிமிடம். “மேல்மூடிக்கும் வெள்ளி முலாம் போட்டுடலாமா?” என்று கேட்டார். ஏற்காட்டு ஈரத்தில் மாதம் ஒரு தடவை திருநீறு போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும் என்றேன்.

இந்தக் குமிழில் ஒரு வம்பு உண்டு, முதல் வாரமே தெரிந்தது. பொத்தானைப் பாதி அழுத்தினாலே எலக்ட்ரோவின் விளக்குகள் எரியும். குமிழோடு பையில் போட்டு பஸ்ஸில் போனால் ஏதாவது அழுத்திக்கொண்டே வரும், பேட்டரி காலி. ஒன்று தீர்ந்தபின் புத்தி வந்தது. இப்போது பையில் வைக்கும் முன் குமிழைக் கழற்றிச் சட்டைப்பையில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பட்டறைக்குப் போகாமல் செய்த இன்னொரு மாற்றம் எல்லாவற்றையும் விட மலிவு. ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டையை ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி இறுக்கி, வாலை ஒரு சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, முனையை மழித்தேன். 3 மீட்டரில் வால் நேர் கீழே இருக்கும்படி வைத்தேன். விரலால் தொட்டாலே கேமரா எந்தத் தூரத்தில் நிற்கிறது என்று தெரியும், கண்ணைக் கட்டத்தில் வைக்கும் முன் பாதி வேலை முடிந்துவிடும். கண் வைக்கும் இடத்தில் இரும்பு விளிம்பு மூக்குக்கண்ணாடியைக் கீறாமல் இருக்கக் குழாய்க்கடையில் வாங்கிய ரப்பர் வளையம் ஒன்று ஒட்டினேன்.

தோல்

சிவப்பு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் மறைத்திருப்பேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் ஆட்டுத்தோல் துண்டு வாங்கினேன், காப்பிக்கொட்டை பாதி வறுபட்ட நிறம். 1.2 மில்லிமீட்டர் தடிமன். அப்படியே ஒட்டினால் விளிம்புக்கு மேலே துருத்தும். அவரே தன் கத்தியால் உட்புறத்தைச் சீவி 0.6க்குக் கொண்டுவந்தார். வெள்ளைத்தாளில் ஒட்டி வைத்திருந்த பழைய துண்டுகளின் மேல் டிரேசிங் தாள் வைத்து வரைந்து, அதை மாற்றிப் போட்டு, தோலின் பின்பக்கத்தில் வரைந்து வெட்டினேன். மாற்றிப் போட மறந்தால் வலது இடதாகிவிடும். முதல் துண்டில் மறந்தேன்.

பெரியவர் கையில் கொடுத்ததும் முதலில் முகர்ந்து பார்த்தார். “செருப்புத் தோலா தம்பி?” என்றார். செருப்பாகாத தோல் என்றேன். பேத்திக்கு நிறம் பிடித்துவிட்டது. கறுப்புப் பெயிண்ட்? அதை மறுத்துவிட்டேன். குரோம் முலாம் மேல் பெயிண்ட் ஒட்டாது. ஒட்ட வேண்டுமானால் முலாமை எடுக்க வேண்டும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. சும்மா அடித்தால் ஆறு மாதத்தில் உரிந்து சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

மலையில் ஒரு ரோல்

மார்ச் மூன்றாம் வாரம் மழை விழுந்தது, ஏப்ரல் தொடக்கத்தில் பூ. நானும் போனேன். மலைச்சாலைக்குத் திரும்பும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கை பரபரக்கும். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் எத்தனை லட்சம் அடி ஃபிலிம் ஓடியிருக்கும்! இப்போது நின்றிருப்பது நுழைவாயில் மட்டும். ஊட்டியில் ‘இந்து’ ஃபிலிம் தயாரித்த ஆலையும் மூடியாயிற்று. நாங்கள் போட்டது இங்கிலாந்திலிருந்து வருகிற எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம், வெளிச்சத்தை உணரும் வேகம் 400, ஒரு ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி.

எலக்ட்ரோவில் ஷட்டர் வேகத்தை நாம் மாற்ற முடியாது என்றேன். ஒரு குறுக்கு வழி உண்டு, ஃபிலிமின் வேகத்தைக் கேமராவுக்குச் சொல்கிற ஏஎஸ்ஏ வளையம். மூடுபனி மீட்டரை ஏமாற்றும். எங்கும் வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் ஏராளம் என்று நினைத்துக் குறைவாக விடும், பனி சாம்பலாகிவிடும். 400 ஃபிலிமுக்கு வளையத்தை 200இல் வைத்தால் இரு மடங்கு வெளிச்சம் விழும். மஞ்சள் ஃபில்டர் மாட்டினாலும் இதே கணக்கு. மீட்டரின் கண் லென்ஸுக்குப் பின்னால் இல்லை, முன்முகத்தில் தனியாக இருக்கிறது, ஃபில்டர் மாட்டியது அதற்குத் தெரியாது. பெரியவர் ஒரு சின்ன அட்டையில் ‘பனி 200’ என்று எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டிக்கொண்டார்.

டெவலப் செய்தது என் வீட்டுக் குளியலறையில். ஐடி-11 மருந்தை ஒன்றுக்கு ஒன்று கலந்து 20 டிகிரியில் 13 நிமிடம். ஏப்ரல் மாதச் சேலத்தில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியில் வராது என்பதை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பக்கெட்டில் ஐஸ் போட்டு அதில் பாட்டில்களை நிறுத்தினேன்.

36 படத்தில் மூன்று பனிப்படங்கள் சாம்பல், அட்டை ஒட்டுவதற்கு முன் எடுத்தவை. இரண்டில் ஃபோகஸ் தவறு. இரண்டும் நான் எடுத்தவை. பெரியவர் எடுத்த பூக்கொத்து ஒன்று, துளை முழுக்கத் திறந்து, 0.8 மீட்டரில்: முன்வரிசைப் பூவின் இதழ் ஓரம் கத்தி மாதிரி, பின்னால் சில்வர் ஓக் மரங்கள் கரைந்து புகையாகி நிற்கின்றன. பேத்தியை எடுத்தது இன்னும் நன்றாக இருக்கிறது. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசி நான்கு படங்களில் மட்டும் இடது ஓரம் லேசாக வெளுத்திருக்கிறது. கீல் பக்கம் உல்லன் நூல் போதவில்லை, அங்கே வெல்வெட் துண்டு வைக்க வேண்டும். அடுத்த முறை மலையிறங்கும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உயர வாக்கில் விட்ட அந்த மயிரிழையையும் அப்போது பார்த்துவிடலாம். கறுப்புப் பெயிண்ட் பற்றிப் பேத்தி நேற்றுகூடக் கேட்டு அனுப்பியிருந்தாள், கூடவே புதிதாக ஒரு படத்தோடு.